பரிசலில் கண்ணை மூடக் கூடாது

ஏரியூருக்கு அப்பால் காவிரியைப் பரிசலில் கடக்கிறேன். பசிபிக் தீவொன்றில் மிஷனரியாக இருப்பவன். விடுமுறையில் அக்கா வீட்டுக்குப் போகிறேன். அங்கே கொந்தளிக்கிற கடலில் படகேறிப் பூசைக்குப் போய் வருகிறவன்தான். ஆனால் படகு நேராகப் போகும். இதுவோ தட்டாமாலை சுற்றுகிறது. அங்கியைச் சுருட்டிக்கொண்டு, கண்ணை மூடி ஜெபமாலையை உருட்டுகிறேன்.

சட்டென்று பரிசலில் எல்லாருடைய பேச்சும் நின்றுவிடுகிறது. இமையிடுக்கில் பார்க்கிறேன். மடியில் கோழி வைத்திருக்கும் அம்மா விசும்புகிறார். ஒருவர் செல்போனைப் பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போடுகிறார்.

"ஃபாதர், கண்ணத் தொறங்க. நீங்க ஜெபம் பண்றதப் பாத்து எல்லாரும் பயப்படறாங்க," என்கிறார் பரிசல்காரர்.

கண்ணை முழுசாகத் திறந்து, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறேன். அந்த அம்மா மூக்கைத் துடைத்துக்கொள்கிறார்.

பரிசல்காரர் என் காதருகே குனிகிறார். "இப்படியே சிரிங்க. ஆனா மனசுக்குள்ள ஜெபத்த உட்ராதீங்க, காத்து சரியில்லைங்க."