எலுமிச்சம்பழம் கட்டிய கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டருக்குக் கண்ணேறு பட்டுவிட்டதென்று நம்பி எலுமிச்சம்பழம் கட்டியவன் நான். நகரியில் விசைத்தறி வைத்திருக்கிறேன். சேலை பார்டர் வரைவதற்காகத் திருப்பதியில் கம்ப்யூட்டர் விற்கும் மச்சானிடம் அதை வாங்கினேன். "புதுசு மாமா, பறக்கும்!" என்றான். கல்யாண ஆர்டர் நேரத்தில் அது அடிக்கடி தானாக அணைந்தது. டேபிள் ஃபேனை அதற்குத் திருப்பிவிட்டு நான் வியர்த்தேன். ஆர்டர் கைநழுவியது.

திறந்து பார்த்த மெக்கானிக் சிரித்தார். "பழைய பிராசஸர்ண்ணா. ஓவர்கிளாக் பண்ணி வேகத்த ஏத்திகீறாங்க, சூடாயி அணையுது. தறி மோட்டாருக்குப் பெரிய புல்லி மாட்டி வேகமா ஓட்னா நூல் அறுந்துகினே இருக்காதா?"

மச்சானைக் கேட்டேன். "வேகமா ஓடிச்சா இல்லியா மாமா?" என்றான்.

வேகத்தைக் குறைத்தபின் ஒழுங்காக ஓடுகிறது. இப்போதெல்லாம் எதையும் ஒருநாள் முழுக்க ஓடவிட்டுப் பார்த்துத்தான் வாங்குகிறேன். யார் கண்ணும் படவில்லை. மச்சான் பழையதைப் புதியதென்று விற்றிருந்தான்.