அத்தை குத்திய பூ

செய்தி வந்தது பள்ளிக்கூடத்தில் கஞ்சி மணி அடித்த நேரத்தில். பிள்ளைகள் பிளாஸ்டிக் குவளைகளோடு முற்றத்தில் வரிசையாக நின்று ஒருவரையொருவர் இடித்துக்கொண்டிருந்தார்கள். ஆசிரியர் அறையில் கொரெத்தி, அக்காள் பெர்பெத்துவாவின் நீலக் கோமேசியை, விசேஷத்துக்கு உடுத்தும் நீள அங்கியை, மடியில் விரித்துப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

கோமேசிக்கு இடது தோளோரம் இரண்டு பொத்தான்கள். பெர்பெத்துவாவின் விரல்கள் சின்னப் பொத்தானைப் பிடிக்க மறுத்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன. "பிஸ்கட்டு சைசுல ரெண்டு தச்சுக் குடு. நானே போட்டுக்குவேன். உதவி பண்றேன்னு கிட்ட வந்தே, கையைக் கடிச்சிடுவேன்" என்று அக்காள் சொல்லியிருந்தாள். பழைய ஆண்கள் கோட்டு ஒன்றிலிருந்து பிய்த்த பொத்தான்கள் அவை. மேல் பொத்தானை முடித்துக் கீழ்ப் பொத்தானுக்கு நூல் கோத்தபோது போன் அடித்தது. அண்ணன் மகள் ரெஸ்தி.

"சின்னத்தை, வீட்டுக்கு வாங்க."

"என்னடி?"

"பெரியத்தை... காபி குடுக்கப் போனேன். எழுந்திருக்கல. மூச்சு இல்ல."

கொரெத்தி கோமேசியை மடித்துப் பையில் வைத்தாள். வண்டி பிடித்து வீட்டுக்குப் போவதற்குள் சொந்தங்கள் அழைக்க ஆரம்பித்துவிட்டன. லூக்கா சித்தப்பாதான் முதலில்.

"பாவம்மா. சக்கர நாற்காலியோட கெடந்து சீரழிஞ்சா. ஆண்டவர் விடுதலை குடுத்துட்டார்."

"அவ கெடக்கல, சித்தப்பா. உக்காந்திருந்தா. கெடக்கச் சொன்னது நீங்கதான்."

சித்தப்பா போனை வைத்துவிட்டார். அவருக்கும் ரெஸ்தியைப் பெண் கேட்ட விசேஷத்துக்குத் தீவுக்குப் போன பயணம் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

பெர்பெத்துவாவுக்கு வந்தது தசைகள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும் நோய். காலில் தொடங்கி மேலே ஏறும். அவர்களுடைய அம்மாவுக்கும் அதேதான். அந்தக் காலத்தில் அதற்குப் பெயர் கிடையாது, நாற்காலியும் கிடையாது. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அம்மாவைப் பின்னறைக்குத் தூக்கிப் போய்க் கதவைச் சாத்துவார்கள். பெண் கேட்டு வருகிறவர்கள் கண்ணில் படக்கூடாது என்று. தட்டில் வாழைக்காய் மசியலை எடுத்துக்கொண்டு அந்தக் கதவைத் திறக்கிற வேலை சிறுமியாக இருந்த பெர்பெத்துவாவுடையது.

பெரியவளான பின் கம்பாலாவில் ஒவினோ சந்தையில் பழைய செருப்பும் ஷூவும் விற்றாள். கால் இழுக்க ஆரம்பித்ததும் புருஷன் மெல்ல நழுவிவிட்டான். "அவனுக்கு என்கிட்ட பிடிச்சதே என் நடைதானாம். நடை போச்சு, ஆளும் போயிட்டான்" என்று சந்தைக்குக் கேட்கச் சொல்லிச் சிரிப்பாள். நாற்காலிக்கு வந்த பிறகும் கடையை விடவில்லை. நடக்க முடியாதவளுக்குச் செருப்பைப் பற்றி என்ன தெரியும் என்று யாராவது சீண்டினால், "என் செருப்பு தேயறதே இல்லை. இந்தச் சந்தையில வேற யாரு இப்படிச் சொல்லுவா?" என்பாள்.

ரெஸ்தியைப் பெண் கேட்டு மாப்பிள்ளை எமிலியன் வீட்டார் வருவதாக நாள் குறித்தபோது, பூ குத்தப்போவது தான்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அந்த ஊர் முறைப்படி, பெண்ணின் அப்பாவோடு பிறந்தவள், மூத்த அத்தை, மாப்பிள்ளைக் கூட்டத்துக்குள் போய் மறைந்து உட்கார்ந்திருப்பவனைத் தேடிப் பிடித்து, கோட்டில் பூ குத்தி, பெண் வீட்டுப் பக்கம் அழைத்து வர வேண்டும். அவள் அழைத்து வராத மாப்பிள்ளை மாப்பிள்ளையே இல்லை.

அண்ணன் செகித்தோவுக்கு ஏரித் தீவில் எண்ணெய்ப்பனைத் தோட்டம். அங்கேதான் விசேஷம். விடியலில் வேன் கிளம்பியது. முன் சீட்டில் பெர்பெத்துவா, பக்கத்தில் ஓட்டுநர் மூசா. பின்னால் லூக்கா சித்தப்பாவும் கொரெத்தியும். அவர்களுக்கும் பின்னால் சோடாப் பெட்டிகள், சர்க்கரை மூட்டை, அவற்றின்மேல் மடக்கிய நாற்காலி. ரெஸ்தி முன்னதாகவே தீவுக்குப் போய்விட்டாள்.

வழியில் லுக்காயாவில் வண்டி நின்றதும் நீல அங்கி போட்ட வியாபாரிகள் சுட்ட கோழியும் வாழைப்பழமும் குச்சி குச்சியாக ஜன்னலுக்குள் நீட்டினார்கள். பெர்பெத்துவா ஒரு முழுக் கோழிக்காலை இரண்டு முஷ்டிகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு தின்றாள். "என் காலு உதவாட்டி என்ன, இந்தக் காலு உதவுது பாரு" என்றாள். மூசா ஸ்டீயரிங்கில் தலையை வைத்துச் சிரித்தான். சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை.

மசாக்காவில் அவர் மூசாவின் தோளைத் தட்டினார். "இடது பக்கம் திருப்பு. என் மக வீடு."

"எதுக்கு?" என்றாள் பெர்பெத்துவா.

"நீ இங்க இருந்து ஓய்வெடு, கண்ணு. நாளைக்குத் திரும்பறப்போ கூட்டிட்டுப் போறோம். மக கட்டில் எல்லாம் போட்டு வச்சிருக்கா. பூவைக் கொரெத்தி குத்துவா. அவளும் அத்தைதானே?"

கொரெத்திக்கு இது புதுச் செய்தி. "என்னை யாரு கேட்டாங்க?" என்றாள்.

"கேக்கறதுக்கு என்ன இருக்கு? சம்பந்திங்க இதைப் பாக்கறாங்கன்னு வை. அம்மாவுக்கு இருந்துச்சு, மகளுக்கு இருக்கு, அப்போ பேத்திக்குன்னு கணக்குப் போட மாட்டாங்களா? பொண்ணு வாழ்க்கைம்மா இது."

வேன் அவருடைய மகள் வீட்டு வாசலில் நின்றது. சித்தப்பா இறங்கி முன்கதவுக்கு வந்தார். பெர்பெத்துவா முழங்கையால் கதவுப் பூட்டை அமுக்கினாள். கண்ணாடி பாதி இறங்கியிருந்தது.

"பெர்பெத்துவா, தொற."

"இறக்கணும்னா கதவோட கழட்டி இறக்குங்க."

"தெருவே பாக்குது."

"பாக்கட்டும். எங்கம்மாவைப் பின்னறையில வச்சீங்க. உங்க மக வீட்டுல கட்டில் எந்த அறையில போட்டிருக்கா? முன்னறையிலயா?"

சித்தப்பாவின் கண் ஒரு கணம் வீட்டின் கொல்லைப்புறம் போய் வந்தது. பெர்பெத்துவா அதைப் பார்த்துவிட்டாள்.

"மூசா, வண்டியை எடு. சித்தப்பாவுக்கு ஓய்வு வேணுமாம்."

மூசா நிஜமாகவே கியரைப் போட்டான். எழுபது வயது மனிதர் கோட்டுநுனி பறக்க ஓடிவந்து பின்கதவில் தொற்றி ஏறினார். அதற்கப்புறம் ஏரிக்கரை வரை பெர்பெத்துவா கோவில் பாட்டு ஒன்றை ராகம் தப்பிப் பாடிக்கொண்டு வந்தாள்.

படகுத்துறையில் இன்னொரு சங்கடம் காத்திருந்தது. வெள்ளை அங்கியும் கறுப்புக் கோட்டுமாக மாப்பிள்ளைக் கூட்டம் முழுவதும் வண்டிகளையும் ஏற்றிப் போகும் அதே பெரிய படகுக்கு வந்திருந்தது. "நீ வண்டிக்குள்ளயே இரு, தலையைக் குனிஞ்சுக்கோ" என்று சித்தப்பா கெஞ்சினார். படகுக்காரன் வந்து ஜன்னலைத் தட்டினான். "வண்டி மட்டும்தான் உள்ள. ஆளெல்லாம் இறங்கித்தான் ஏறணும்."

"சட்டம், சித்தப்பா. சட்டத்தை மீறலாமா?" என்றாள் பெர்பெத்துவா.

இரும்புச் சரிவில் நாற்காலி தடதடத்து ஏறியது. மாப்பிள்ளையின் நண்பர்கள் அவசரமாக அவன் தலையில் ஒரு கோட்டைக் கவிழ்த்தார்கள். தேடிப் பிடிக்க வேண்டிய அத்தை அவன் முகத்தை முன்கூட்டியே பார்த்துவிடக் கூடாதல்லவா! "மூச்சு விடச் சொல்லுங்கப்பா, எங்களுக்கு உயிரோட வேணும்" என்று அவள் கத்தினாள். எழுந்த சிரிப்பை ஏரிக்காற்று படகு முழுக்கக் கொண்டுபோனது.

செகித்தோவின் வாசலில் புல்சரிவு. மேட்டில் பெண் வீட்டார் பந்தல், பள்ளத்தில் மாப்பிள்ளை வீட்டார் பந்தல். பெண்களுக்குப் பாய், ஆண்களுக்கு நாற்காலி. சித்தப்பா கடைசியாக ஒருமுறை முயன்றார்.

"சம்பந்திங்க எதிர்ல பொம்பள நாற்காலியில உக்காரறது முறையா? பாயில இறக்கி வைங்க."

"பாயில வச்சா என்னைத் தூக்க ரெண்டு ஆம்பளைங்க வேணும். நாற்காலின்னா கொரெத்தி ஒருத்தி போதும். எது முறை, நீங்களே சொல்லுங்க." அண்ணன் செகித்தோ பூவை எடுத்து அவள் மடியில் வைத்தான். சித்தப்பா நகர்ந்துகொண்டார்.

கொரெத்தி தள்ள, நாற்காலி சரிவில் இறங்கியது. மாப்பிள்ளை வீட்டுப் பேச்சாளர் எழுந்தார். இந்த விசேஷத்தில் வம்புக்கு இழுப்பதுதான் அவர் வேலை. "எங்க ஊர்ல அத்தைங்க நடந்து வருவாங்க. உங்க தீவுல வண்டி கட்டிக்கிட்டு வருவாங்களோ?"

"உங்க ஊர்ல வெறுமனே ஆளைப் பாக்க வருவாங்க. நான் செருப்புக்காரி, சரக்கைச் சோதிக்க வந்திருக்கேன். எல்லாரும் காலை நீட்டுங்க!"

சிரிப்புக்கு நடுவே வரிசையாகக் கால்கள் நீண்டன. மற்ற அத்தைகள் தரையில் மண்டியிட்டு அண்ணாந்து தேட வேண்டிய முகங்கள் இவளுக்கு நேர்மட்டத்தில் இருந்தன. "இது அண்ணன் ஷூ. இது இரவல். இதுக்கு உள்ள பேப்பர் வச்சிருக்கான்." மூன்றாம் வரிசையில் நாற்காலியை நிறுத்தச் சொன்னாள். "இது என் கடை ஷூ. பேரம் பேசத் தெரியாம அள்ளிக் குடுத்துட்டுப் போன ஆளு. இவன்தான்."

எமிலியன் எழுந்தான். மாப்பிள்ளை அங்கே வாய் திறக்கக் கூடாது. அவள் பூவை இரு முஷ்டிகளுக்கிடையே தூக்கினாள். ஊசி நடுங்கி நடுங்கிக் கோட்டின்மேல் வழுக்கியது. இன்னொரு முறை. பந்தலில் சிரிப்பு அடங்கிவிட்டது. கொரெத்தி உதவக் குனிந்தாள். அக்காளின் முழங்கை அவள் விலாவில் இடித்தது.

"என் கை பூ குத்தாது. எங்கம்மா கையும் இப்படித்தான் போச்சு" என்றாள் பெர்பெத்துவா, எல்லோருக்கும் கேட்க. இதைச் சொல்லலாமா என்று ரெஸ்தியிடம் முந்தைய வாரமே கேட்டிருந்தாள். சொல்லுங்க அத்தை என்றிருந்தாள் அவள். "இது இந்த வீட்டு ரத்தத்துல ஓடுது. ரெஸ்திக்கு வரலாம், வராமலும் போகலாம். மறைச்சுட்டாங்கன்னு நாளைக்கு ஒருத்தரும் சொல்லக்கூடாது. தம்பி, வேணாம்னா உக்காரு. தப்பில்லை."

எமிலியன் உட்காரவில்லை. இடுப்பை வளைத்துக் குனிந்து, கோட்டின் நெஞ்சுப்பகுதியைக் கையால் பிடித்து, அவள் முஷ்டிகளிலிருந்த ஊசிமேல் தானே கொண்டுவந்து அழுத்தினான். பூ நின்றது. பிறகு கொரெத்தியின் கையிலிருந்து நாற்காலியின் பிடிகளை வாங்கிக்கொண்டு மேட்டைப் பார்த்துத் திருப்பினான். பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டார்கள்.

"அத்தைதான் மாப்பிள்ளையைக் கூட்டிட்டு வரணும். இங்க மாப்பிள்ளை அத்தையைத் தள்ளிட்டு வர்றான்" என்றார் சித்தப்பா, விடாமல்.

"கண்ணாடி போட்டுப் பாருங்க, சித்தப்பா. முன்னாடி யாரு, பின்னாடி யாரு? நான் இழுத்துட்டு வர்றேன்."

இப்போது அடக்கத்துக்காக அவளை மரவுரியில் சுற்றி அதே படகில் தீவுக்குக் கொண்டுபோனார்கள். கரையில் எமிலியன் ஒரு பக்கம் பிடித்தான். நாற்காலி ஒவினோவில் அவளுடைய கடைக்குப் பக்கத்துக் கடைக்காரியிடம் போனது. அவளுக்கும் முட்டி சரியில்லை.

ரெஸ்தியின் கோவில் கல்யாணம் சொன்ன மாதத்தில் நடந்தது. அன்றைக்கு அக்காள் உடுத்தவென்று எடுத்த நீலக் கோமேசி கொரெத்தியின் பள்ளிப் பையில் இருக்கிறது. கீழ்ப் பொத்தான் தைக்கப்படவில்லை. நூல் ஊசியில் கோத்தபடியே இருக்கிறது.