பெலாங் அக்காவின் ஆறாவது ஆணி

நான் சொல்லப்போவது அத்தனையும் உண்மை. என் மூன்று சக்கர வண்டி மேல் ஆணை. அந்த வண்டியின் பிரேக் எப்போது பிடிக்கும், எப்போது பிடிக்காது என்று தெரிந்தவர்கள் இந்த ஆணையையும் அதே அளவுக்கு நம்பினால் போதும்.

சரி, ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எலும்பு உண்மை. மேலே இருக்கிற கொழுப்பு நான் வைத்தது. கொழுப்பில்லாத கறியை யார் வாங்குகிறார்கள்? இந்தக் கதையின் நாயகி முப்பது வருடமாகப் பன்றிக்கறி விற்கிறவள். அவளைக் கேட்டாலும் இதையேதான் சொல்வாள்.

அவள்தான் இந்த வீட்டுக்காரி பெலாஜியா. இலோய்லோ நகரத்தில், எங்கள் ஆற்றங்கரையில், பெலாங் அக்கா என்றால்தான் தெரியும். இப்போது சமையலறையில் நூடுல்ஸ் கிளறிக்கொண்டிருக்கிறாள். அதனால்தான் நான் இவ்வளவு தைரியமாகப் பேசுகிறேன். கிமாரஸ் தீவிலிருந்து படகேறி விருந்துக்கு வந்திருக்கிற சொந்தக்காரர்களே, யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டீர்கள். யாருக்கும் இல்லை. கள்ளை ஊற்றிக்கொண்டு அந்தச் சுவரைப் பாருங்கள்.

ஐந்து படம் தொங்குகிறது. இரண்டு தம்பி, ஒரு தங்கை, ஒரு மகன், ஒரு மகள். எல்லோரும் கறுப்பு அங்கி, தட்டைத் தொப்பி, கையில் சுருட்டின காகிதம். எங்கள் ஊரில் கூரையில் ஓட்டை இருக்கலாம், சுவரில் பட்டம் வாங்கின படம் இல்லாமல் இருக்கக் கூடாது. ஐந்து பேரையும் படிக்க வைத்தது பெலாங் அக்காவின் கறிக்கத்தி. ஆறாவதாக ஓர் ஆணி இருக்கிறதே, துண்டு போட்டு மூடியிருக்கிறதே, அது அவளுடையது. கல்லூரியில் சேர்ந்த முதல் நாளே தன் படத்துக்கென்று அவளே அடித்துவைத்தாள். எல்லாப் பாடமும் முடித்தாள். ஹியூமானிட்டீஸ் என்று கலையைப் பற்றின பாடம் ஒன்று மட்டும் பாக்கி. அந்தச் சமயம் அப்பா படுத்துவிட்டார், கறிக்கடைக்கு ஆள் இல்லை. வகுப்பு பத்து மணிக்கு, பன்றி வருவது விடியற்காலை நாலு மணிக்கு. முதலில் வந்தது பன்றி. ஆணியில் காலண்டர் ஏறியது.

காலண்டர் ஏறினதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அவள் நாத்தனார் ஹெர்மினியா இருக்கிறாளே, பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், அதோ அந்த மூலையில் பெரிய விசிறியோடு உட்கார்ந்திருப்பவள், ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வந்து அந்தச் சுவரை நிமிர்ந்து பார்ப்பாள்.

"காலண்டர் நல்லாத்தான் இருக்கு, பெலாங். தேதியாவது தெரியுது."

அவ்வளவுதான் சொல்வாள். பெலாங் அக்கா அன்று வெட்டுகிற கறியெல்லாம் ஒரு பக்கம் கோணலாக இருக்கும்.

போன வருடம் நகரக் கல்லூரியில், பாதியில் விட்டவர்கள் வந்து முடித்துக்கொள்ளலாம் என்று அறிவித்தார்கள். அக்கா கவுச்சி ஏப்ரனோடேயே போய்ப் பெயர் கொடுத்தாள். வகுப்பில் எல்லாம் பத்தொன்பது வயதுப் பிள்ளைகள். வாத்தியார் ரென்சோ, அவர் மட்டும் என்ன, இருபத்தெட்டு இருக்கும். தலைமுடியைக் கொண்டை போட்டிருப்பார். ஊதினால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய் விழுவார். அக்கா முதல் நாள் "உள்ளேன் ஐயா" என்று சொன்னாள், சார் கையிலிருந்த சாக்பீஸ் மூன்றாக உடைந்தது.

அக்காவின் குரலைப் பற்றிச் சொல்லவில்லையே. சந்தையில் நின்று "ஈரல், ஈரல்" என்று அவள் ஒரு தடவை கூவினால், கிமாரஸ் மாந்தோப்பில் பழம் உதிரும். உங்களுக்கே தெரியும், தீவுக்காரர்களே, நீங்கள் பொறுக்கித் தின்றிருப்பீர்கள். தூக்கத்திலும் பேசுவாள். படித்தால் உரக்கப் படிப்பாள், யோசித்தால் உரக்க யோசிப்பாள். அப்பேர்ப்பட்டவளுக்குப் பரீட்சை என்ன தெரியுமா?

"எல்லாரும் கலைக்கூடத்துக்குப் போறோம்," என்றார் ரென்சோ சார். "ஆளுக்கு ஒரு பொருள். அதுக்கு முன்னால அரை மணி நேரம் நிக்கணும். பேசக் கூடாது, போன் பாக்கக் கூடாது, தொடக் கூடாது. சும்மா பாக்கணும். அப்புறம் வகுப்புல வந்து என்ன பாத்தீங்கன்னு சொல்லணும். இதுல தோத்தா பாடத்துல தோத்த மாதிரி."

பாடத்தில் தோற்றால் படம் கிடையாது. காலண்டர்தான்.

அன்றைக்கு அக்காவைக் கலைக்கூடத்துக்கு ஏற்றிக்கொண்டு போனது என் வண்டிதான். வழி முழுக்க வாயை மூடிப் பழகிக்கொண்டே வந்தாள்.

"டேய் கார்டிங், நான் இப்ப எவ்வளவு நேரமா பேசல?"

"இப்பத்தான்க்கா ஆரம்பிச்சீங்க."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடியும் இதையேதான் கேட்டீங்க."

உள்ளே போனோம். நான் ஏன் போனேன் என்று கேட்காதீர்கள், உள்ளே ஏசி இருந்தது. கீழ்த்தளத்தில் சுவர் அளவுக்கு ஒரு ஓவியம், முழுக்கச் சிவப்பு. பிள்ளைகள் கூட்டமாக நின்று அதையே பார்த்தார்கள். அக்காவும் பார்த்தாள். அவள் வாய் திறக்கத் துடித்தது எனக்குத் தெரிந்தது. கழுத்து நரம்பெல்லாம் புடைத்துவிட்டது. கடைசியில் என் காதில் மட்டும் சொன்னாள்.

"என் கடைத் தரைய தினமும் கழுவி விட்டுடறேன்டா. காயப் போட்டு மாட்டியிருக்கணும்."

அப்புறம் மேல்மாடிக்கு ஏறினாள். அங்கேதான் விஷயம்.

மேல்மாடியில், கயிறு கட்டி, விளக்குப் போட்டு, நம்ம சான் ரோக்கே நின்றார். ஆமாம், நம்ம புனிதர். ஆற்றங்கரைச் சிற்றாலயம் புயலில் போனதும், பத்திரமாக இருக்கட்டும் என்று கொண்டுபோனார்களே, அவரேதான். மரத்தில் செதுக்கினது. தொடைப் புண்ணைக் காட்டிக்கொண்டு நிற்கிறார், பக்கத்தில் வாயில் ரொட்டியோடு நாய். நாய்க்கு ஒரு காது போய்விட்டது, ஆனால் முகத்தில் அந்தத் திமிர் அப்படியே இருக்கிறது. அக்கா அவர் முன்னால் நின்றாள்.

நின்றாள், நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். ஒரு வார்த்தை இல்லை. நான் சத்தியமாகச் சொல்கிறேன், இந்த இடத்தில் துளிக்கூடக் கொழுப்பு கிடையாது. காவலாளி கிராசியானோ, அதோ இரண்டாவது தட்டு பன்றிக்கறியில் கை வைத்திருக்கிறாரே, அவருக்கே பயம் வந்துவிட்டது. என்னிடம் வந்து கிசுகிசுத்தார்.

"டேய், அக்காவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? மூச்சு வருதான்னு பாரு."

அரை மணி நேரம் ஆனது. சார் கடிகாரத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஜெயித்துவிட்டாள். அப்படியே திரும்பிக் கீழே இறங்கி வந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும், எனக்கும் இவ்வளவு கள் கிடைத்திருக்காது.

அக்கா இடுப்பிலிருந்து கைக்குட்டையை எடுத்தாள். கயிற்றைத் தாண்டினாள். சான் ரோக்கேயின் வலது பாதத்தை அழுத்தித் துடைத்தாள். அந்தக் கைக்குட்டையால் தன் நெற்றி, நெஞ்சு, வலிக்கிற முழங்கால் மூன்றையும் துடைத்துக்கொண்டாள்.

நம்ம ஊரில் புனிதரைப் பார்த்தால் வேறு என்ன செய்வார்கள், சொல்லுங்கள். கை தானாகப் போகும். ஆனால் கலைக்கூடத்தில் அதற்கு மணி அடிக்கும் போலிருக்கிறது. அடித்தது பாருங்கள், துறைமுகத்தில் கப்பலெல்லாம் நங்கூரம் தூக்கிவிட்டது. கிராசியானோ ஓடி வந்தார், கயிற்றுக்கு முன்னால் நின்று முதலில் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார், அப்புறம்தான் விசில் ஊதினார்.

"அக்கா, வெளிய வாங்க. தொடக் கூடாது."

"நீ தொட மாட்டியா?"

"நான் டூட்டில இருக்கேன்க்கா."

அவர் இப்படிப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அக்காவுக்குப் பின்னால் ஒரு கிழவர் கைக்குட்டையோடு நின்றார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி. அவளுக்குப் பின்னால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி. வரிசை படிக்கட்டில் இறங்கி, வாசலைத் தாண்டி, பாலத்தில் ஏறி, சந்தை வரைக்கும் போனது. மெழுகுவத்திக்காரி கடை போட்டாள், ஐஸ்கிரீம் வண்டி வந்தது, ஒருவன் மேளம் கொண்டுவந்தான்.

சரி, முறைக்காதீர்கள் கிராசியானோ அண்ணே. ஏழெட்டுப் பேர். மேளம் இல்லை. ஐஸ்கிரீம் வண்டி நிஜமாகவே வந்தது, ஆனால் அது தினமும் வருவது.

கலைக்கூடத்து மேலதிகாரி அம்மாள் வந்தார். ரென்சோ சாரின் கொண்டை அவிழ்ந்துபோகிற அளவுக்குப் பேசினார். சார் வெளியே வந்து அக்காவைப் பார்த்தார். அடிபட்ட கோழி மாதிரி இருந்தார் மனுஷன்.

"பெலாஜியாம்மா, தொடக் கூடாதுன்னு சொன்னேனே."

"தெரியும் சார்."

"தெரிஞ்சும் ஏம்மா?"

"அவர்கிட்ட ஒண்ணு கேக்க வேண்டியிருந்துது."

"என்ன கேட்டீங்க?"

அக்கா தன் காலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "உங்க பாடத்துல பாஸாக்கி விடச் சொன்னேன்."

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சார் மட்டும் சிரிக்கவில்லை, அவருக்கு அப்போதே விளங்கிவிட்டது. இந்தப் பெண்பிள்ளை பாஸாக வேண்டும் என்று புனிதர் காலைத் தொட்டாள். காலைத் தொட்டதால் ஃபெயிலாக வேண்டும். ஃபெயிலாக்கினால், கலைக்கூடத்துக்குப் போனதும் சான் ரோக்கேக்குச் சக்தி போய்விட்டது என்று ஆற்றங்கரை முழுக்கப் பேசும். பாஸாக்கினால் அற்புதம் என்று பேசும். சார் கோயிலுக்கே போகாதவர். அவர் கை பேனாவைப் பிடித்தாலும் பிடித்தது சான் ரோக்கே என்பார்கள். அந்த வாரம் அவருக்குப் பேதி என்று கேள்வி.

ஊருக்கு மட்டும் என்ன? ஆற்றங்கரையில் பாஸா ஃபெயிலா என்று சூதாட்டமே நடந்தது. அக்கா கடைக்குக் கறி வாங்க வந்தவர்கள் கறியைக் கேட்கவில்லை, "புனிதர் என்ன சொல்றார்?" என்று கேட்டார்கள். அக்கா வாயே திறக்கவில்லை. ஈரல் விற்கவில்லை. கிமாரஸில் மாம்பழம் மரத்திலேயே அழுகியது. ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் சுவரைப் பார்க்க மாட்டாள், முதுகைக் காட்டி உட்காருவாள். அதை நான் பார்த்தேன். அன்றைக்கு நான் ஒரு கிண்டலும் செய்யவில்லை. வேண்டுமானால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வகுப்பில் பேச வேண்டிய நாள் வந்தது. நான் ஜன்னலுக்கு வெளியே வண்டி மேல் ஏறி நின்று கேட்டேன். அக்கா முன்னால் போய் நின்றாள். குரல் வரவில்லை. சந்தையையே ஆட்டுகிற குரல், ஒரு கொசு அளவுக்குக்கூட வரவில்லை. கடைசி பெஞ்சில் ஒரு பையன், "ஆன்ட்டி, கடையில கூவற மாதிரி கூவுங்க" என்றான். அப்புறம்தான் ஆரம்பித்தாள்.

"நான் பன்னிக் கால் விக்கிறவ. அதனால காலத்தான் பாத்தேன். இடது காலுல அஞ்சு விரலும் இருக்கு, நகம்கூட செதுக்கியிருக்கு. வலது காலுல விரலே இல்ல. வழுவழுன்னு ஆத்துக் கல்லு மாதிரி இருக்கு. செதுக்கினவன் அப்படிச் செய்யல. எங்கம்மா தேச்சா, அவங்கம்மா தேச்சா, கடலுக்குப் போனவன் பொண்டாட்டி எல்லாம் தேச்சா. இடது கால் அவன் செஞ்சது. வலது கால் நாங்க செஞ்சது. அரை மணி நேரம் அதைத்தான் பாத்தேன். அப்புறம் எனக்கும் ஒண்ணு தேவைப்பட்டுது, தேச்சேன். தப்புன்னா தப்புதான் சார்."

சார் ரொம்ப நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கிறார் என்று நினைத்துக் கும்பிடு போட்டேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"நல்லா பாத்திருக்கீங்க," என்றார். "ஆனா தொட்டதுக்கு மார்க் குறைப்பேன். எல்லாரும் தேச்சா முழங்கால் வரைக்கும் தேஞ்சு போயிடும்."

"போகட்டுமே சார். அவருக்கு நிக்க நாய் இருக்கு."

எங்கள் கல்லூரியில் மார்க் தலைகீழாக. ஒன்று என்றால் ராஜா. மூன்று என்றால் வண்டியின் பின்கம்பியில் தொங்கிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தவன். ஐந்து என்றால் வண்டி போய்விட்டது. சார் போட்டது...

இந்த இடத்தில் நான் நிறுத்திக் கள் குடிக்கப் போனேன். ஆனால் பெலாங் அக்கா நூடுல்ஸ் அண்டாவோடு வந்துவிட்டாள். வந்தவள் அண்டாவை இறக்கிவைத்துவிட்டு, யாரிடமும் ஒன்றும் கேட்காமல், ஆறாவது ஆணியிலிருந்த துண்டை இழுத்தாள்.

கறுப்பு அங்கி. தட்டைத் தொப்பி கொஞ்சம் சின்னதாகிப்போய்த் தலை மேல் தட்டு வைத்த மாதிரி நிற்கிறது. சிரிக்காமல், கறி நிறுக்கும்போது தராசைப் பார்ப்பாளே, அதே பார்வை. காலண்டர் எங்கே என்று தெரியவில்லை.

"மூணு," என்றாள் அக்கா. "அவர் கால இத்தனை வருஷம் தேச்சதுக்கு ரெண்டே கால் குடுத்திருக்கலாம்."

எல்லோரும் கை தட்டினோம். ஹெர்மினியாகூட விசிறியை மடக்கிவிட்டு எழுந்து போய்ப் படத்தைத் தொட்டுப் பார்த்தாள். "கோணலா மாட்டியிருக்க," என்றாள். ஆனால் நேராக்கியும் வைத்தாள். அதோடு முடிந்திருக்க வேண்டும். கிராசியானோதான் கெடுத்தார். வாய் நிறையக் கறியை வைத்துக்கொண்டு அவர் சொன்னார்:

"நல்ல வேளை அப்பவே தொட்டுட்டீங்க அக்கா. திங்கக்கிழமை அவர கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கிறாங்க."

கள் ஊற்றிக்கொண்டிருந்தவன் குடத்தைக் கீழே வைத்தான்.

"என்ன பெட்டி?" என்றான் அவன்.

"கண்ணாடி. பூட்டு போட்டது. அன்னிக்கு நடந்ததால."

"அப்ப என் பேரன் கப்பல்ல ஏறும்போது எதைடா தொடுவான்?" என்று கிழவர் ஒருவர் எழுந்தார். "கண்ணாடியையா?"

"இத்தனை நாள் நீ மணிய நிறுத்திட்டுக் கண்டுக்காம விட்டல்ல கிராசியானோ? செவ்வாக்கிழமை செவ்வாக்கிழமை நானே தொட்டிருக்கேன்," என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

"அத ஏன்டி இங்க சொல்ற? என் வேலை போகவா?"

"ஒரு மூணு மார்க்குக்கு ஊர்ப் புனிதரப் பெட்டில போட்டாச்சு," என்றாள் ஹெர்மினியா. "நான் சொன்னேனே, காலண்டரே நல்லாருந்துது."

"சொன்னது வாஸ்தவம்தான், ஆனா புனிதர்தானே பாஸாக்கினார்? அவருக்கே சம்மதம்னா உனக்கென்ன?" என்றார் ஒரு கிமாரஸ்காரர்.

"அவரா பாஸாக்கினார்? அந்தக் கொண்டை வாத்தியார் பாஸாக்கினார்."

"யாரும் பாஸாக்கல, நான் பேசி பாஸானேன்," என்றாள் பெலாங் அக்கா. போன குரல் முழுசாகத் திரும்பி வந்துவிட்டது. கிமாரஸ்காரர்கள் இரண்டு பேர் காதைப் பொத்தினார்கள்.

"படத்த இறக்கு, பெட்டி வேண்டாம்னு அந்த மேலதிகாரி அம்மாகிட்ட போய்ச் சொல்லு, அப்புறம் மாட்டிக்க," என்றார் கிழவர்.

"இந்த ஆணில எவனாவது கை வச்சுப் பாருங்க."

அக்கா கரண்டியோடு சுவரில் முதுகைச் சாய்த்து நின்றுவிட்டாள். கிழவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் மேல் ஏறுகிறார். கிராசியானோ தன் தட்டைக் காப்பாற்றுகிறார். ஹெர்மினியா விசிறியால் யார் தலையிலோ அடித்துவிட்டு, "நான் அவ பக்கம்தான், ஆனா அவ செஞ்சது தப்பு" என்று கத்துகிறாள். நூடுல்ஸ் அண்டாவுக்குப் பக்கத்தில் நான்தான் இருக்கிறேன், எல்லாருடைய கையும் இந்தப் பக்கமே வருகிறது, யாரோ இப்போது என்னைக் காட்டி, "இவன்தானே அவள ஏத்திக்கிட்டுப் போனான்?" என்கிறார்கள்.