கோடியக்கரைக்குப் போன ஜீப்

அந்தப் பயணத்துக்கு வண்டி தேர்ந்தெடுக்க எனக்கு ஆறு நாள் பிடித்தது. தங்கைக்கு மாப்பிள்ளை விசாரித்ததைவிட ஜீப்பை விசாரித்ததில்தான் நான் அதிகக் கவனம் காட்டினேன் என்று இப்போது படுகிறது.

எழுபதுகளின் பிற்பகுதி. நான் காரைக்காலில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. அப்பா இல்லை. தங்கைக்கு இருபத்தெட்டு வயது, பள்ளிக்கூடத்தில் டீச்சர். வந்த இரண்டு வரன்களும் தட்டிப்போயிருந்தன. மூன்றாவது, தஞ்சாவூர். பையன் கல்லூரியில் விலங்கியல் நடத்துபவர். அவருடைய அப்பா சரித்திர வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் ஒரு மாதம் கழித்து இன்லண்டு கடிதம் போட்டார்கள். 'கோடியக்கரையில் வெளிமான் உண்டு என்று பையன் சொல்கிறான். சோழர் காலத்துக் கலங்கரை விளக்கம் ஒன்று இடிந்து நிற்பதாக நான் படித்திருக்கிறேன். தாங்களும் கூட வந்தால் இரண்டையும் பார்த்துவிட்டு, அப்படியே பேசி முடித்துவிடலாம்.'

'பேசி முடித்துவிடலாம்' என்ற இடத்தை மட்டும் அம்மா என்னை நான்கு தடவை வாசிக்கச் சொன்னாள்.

பஸ்ஸில் போனால் மூன்று இடத்தில் மாற வேண்டும். கடைசி பஸ் ஊருக்குள் இறக்கிவிடும். மான் மேய்வது அங்கிருந்து பல மைல் தள்ளி, புல்வெளியில். யாத்ரீகர்களை நாகூர், வேளாங்கண்ணி, கோடியக்கரை என்று ஏற்றிப்போகும் வேன் ஒன்று இருந்தது. அதில் இருபது பேர், ஆளுக்கொரு இடத்தில் நிறுத்தச் சொல்வார்கள், மானுக்கு முன்னால் குழந்தை அழும். அம்பாஸடர் டாக்ஸி மணலில் புதையும். ஆக, தனி ஜீப்.

வாடகைக்கு வரக்கூடியவையாக மூன்று ஜீப்புகள் எனக்குத் தெரிந்தன. ஒன்று அரிசி ஆலைக்காரருடையது. வண்டி நல்ல வண்டி, டிரைவர் மணல் என்றதும் பின்வாங்கினார். இரண்டாவது தேர்தலுக்கு ஓடி ஓடிக் கூரைத் துணி கிழிந்து தொங்கியது. மூன்றாவது, கோட்டுச்சேரிக்காரர் ஒருவரின் சொந்த வண்டி, அவரே ஓட்டுவார். சனிக்கிழமை திருநள்ளாற்றுக்கு சனி பகவானைப் பார்க்க வருபவர்களை ஏற்றுவார். மற்ற நாளில் கோட்டுச்சேரிமேட்டுக் கரையிலிருந்து மீன் பெட்டி. மீன்தான் எனக்கு உறுத்தல், வருகிறவர்கள் சைவம். ஆனால் மணலைப் பற்றி அவர் ஒருவர்தான் சரியாகப் பேசினார்.

"டயர்ல காத்தை கொஞ்சம் எறக்கிக்கிட்டு ஒரே சீரா போவணும் சார். மெரட்டுனா மணலு புடிச்சுக்கும்."

புதன்கிழமை என்று நாள் குறித்தோம். முந்தின நாள் பொழுது சாய்கிற நேரத்தில் ஜீப்பை வீட்டு வாசலுக்கு வரவழைத்தேன். மூன்று தடவை பினாயில் போட்டுக் கழுவியிருந்தார். நான் டயரைப் பார்த்தேன், மாற்று டயரைப் பார்த்தேன், ஹாரன் அடித்துப் பார்த்தேன். பின்பக்கம் எதிரெதிராக இரண்டு பெஞ்சு சீட்டு, பலகையைத் தூக்கினால் கீழே பெட்டி. அதற்குள் இருட்டாக இருந்தது.

"என்ன சார், பொண்ணு பாக்க வந்த மாதிரி பாக்குறீங்க?"

"நாளைக்கு வர்றவங்க எந்தங்கச்சி விஷயமா வர்றாங்க. ஒரு குறை வந்துடக் கூடாது."

"அப்ப நல்லா பாருங்க. பின்னாடி என்னைக் கொறை சொல்லக் கூடாது" என்று சிரித்தபடி அவரே டார்ச் அடித்துக் காட்டினார். இடது பெட்டியில் ஜாக்கி, கம்பி, கயிறு. வலது பெட்டியில் மடித்த ஒரு வெறும் சாக்கு. டைரியில் அப்படியே எழுதிக்கொண்டேன். எதையும் எழுதி வைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

அன்று இரவு பஸ்ஸில் பையனும் அவருடைய அப்பாவும் வந்து இறங்கினார்கள். லாட்ஜில் பையை வைத்துவிட்டு எங்கள் வீட்டில் சாப்பிட்டார்கள். தங்கை பரிமாறினாள். இலைக்குக் குனிந்தபடியே, "மான் கிட்ட போனா அது என்ன செய்யும்?" என்று கேட்டாள். பையன் நிமிர்ந்து, "அது நாம எப்படிப் போறோங்கிறதைப் பொறுத்துங்க" என்றார். அவள் ரசத்தை இன்னொரு கரண்டி விட்டாள். அம்மா என்னைப் பார்த்தாள்.

பெரியவர் கையலம்பிக்கொண்டே கேட்டார்: "வழியில செக்போஸ்ட்ல ரொம்பக் குடைவாங்களோ தம்பி?"

அவர் கேட்டதன் காரணம் எங்கள் ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் உடனே விளங்கியிருக்கும். அப்போது தமிழ்நாட்டில் மதுவிலக்கு. புதுச்சேரி ஆட்சியில் இருந்த எங்கள் ஊரில் கிடையாது. கடைத்தெருவில் வரிசையாகச் சாராயக்கடையும் பிராந்திக்கடையும் இருந்தன. பிறந்தது முதல் பார்த்துப் பார்த்து, எங்களுக்கு அவை விளக்குக் கம்பம் மாதிரி ஆகிவிட்டன. வெளியூர்க்காரருக்கு முதலில் கண்ணில் படுவது அதுதான் என்பதை நான் யோசிக்கவே இல்லை. வீட்டுப் பெருமை பேசுவதாக நினைத்துச் சொன்னேன்: "அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க மாமா. இந்த ஜீப்பு எல்லாருக்கும் தெரிஞ்ச ஜீப்பு. குடும்பமா போறவங்களை எட்டிக்கூடப் பாக்க மாட்டாங்க."

மறுநாள் காலை அம்மாவையும் தங்கையையும் வீட்டில் விட்டுவிட்டு, நானும் டிரைவரும் லாட்ஜ் வாசலில் அவர்களை ஏற்றிக்கொண்டோம். திரும்பும்போது நாகப்பட்டினத்திலேயே இறங்கித் தஞ்சாவூர் பஸ் பிடிப்பதாக ஏற்பாடு, அதனால் பைகளும் ஏறின. நான் வாழைப்பழம் வாங்கப் போனேன், டிரைவர் எதிரில் டீ குடிக்கப் போனார். பத்து நிமிடம் இருக்கும்.

தமிழ்நாட்டு எல்லையில் வாஞ்சூர் செக்போஸ்டில் இருந்தவர் பெரியவரின் நெற்றித் திருநீற்றையும் மடியில் இருந்த குடையையும் பார்த்துவிட்டுக் கையை ஆட்டினார். "நீங்க சொன்னது சரியாப்போச்சு தம்பி" என்று பெரியவர் என் முழங்காலைத் தட்டினார். எனக்கு அது பாராட்டாகப் பட்டது.

கோடியக்கரையில் நான் ஆறு நாள் செலவழித்ததற்குப் பலன் இருந்தது. புல்வெளியின் ஓரத்தில் பையன் என்ஜினை நிறுத்தச் சொன்னார். காற்று எங்கள் பக்கம் வீசும்படி பார்த்து, குனிந்து நடந்தார், நாங்களும் நடந்தோம். நாற்பதுக்கு மேல் எண்ணினேன். ஆண் மான் மேலே கறுப்பு, வயிறு வெள்ளை, கொம்பு கயிறு முறுக்கியது போல. ஒன்று காரணமில்லாமல் எம்பிக் குதித்தது, அடுத்த நொடி கூட்டமே எம்பியது. "பயமில்லை, சந்தோஷம்" என்று பையன் கிசுகிசுத்தார். அவர் முகத்தைப் பார்த்தபோது என் தங்கைக்கு இந்த இடம்தான் என்று எனக்கு உறுதிப்பட்டது. உப்பளத்துத் தண்ணீரில் பூநாரைகள் வரிசையாக நின்றன. டிரைவர்கூட, "இத்தினி வருசம் இங்க சவாரி வந்தும் எறங்கிப் பாத்ததில்ல" என்றார்.

பிறகு கடலோரம் சோழர் கலங்கரை விளக்கம். விளக்கம் என்று சொல்ல அடிப்பாகம் மட்டுமே மிச்சம், செங்கல் பிளந்து நின்றது. பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு அதைத் தொட்டார். ராத்திரி முழுக்க ஒருவன் தூங்காமல் நெருப்பைக் காத்ததால்தான் கப்பல்கள் கரை சேர்ந்தன என்று பதினைந்து நிமிடம் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசினார். அது முடிந்ததும் அதே மூச்சில், "வைகாசியில வெச்சுக்கலாமா தம்பி?" என்றார். நான் கும்பிட்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

இரண்டரை மணிக்குத் திரும்பினோம். வெளியே வரும் வழியில் வனத்துறையின் தடுப்புக் கட்டை. உள்ளே போகும்போது தூக்கிவிட்டவர்கள் இப்போது நிறுத்தினார்கள். மான்கறி எடுத்துப் போகிறார்களா என்று வெளியேறும் வண்டிகளைத்தான் பார்ப்பார்களாம். காக்கிச் சட்டை போட்ட ஒருவர் பின்னால் ஏறினார்.

"கறி கிறி இருக்கா?"

"நாங்க சைவங்க" என்றார் பெரியவர், கொஞ்சம் கோபமாகவே.

எங்களை இறங்கச் சொல்லி வலது பலகையைத் தூக்கினார். சாக்கு உப்பியிருந்தது. உதறினார். செய்தித்தாளில் சுற்றிய பிராந்தி பாட்டில்கள், ஆறு.

கட்டையின் நிழல் மணலில் விழுந்திருந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்தச் சாக்கு நேற்று தட்டையாக இருந்தது. நான் பார்த்தேன், எழுதினேன். அப்படியானால் யார் வைத்தது என்பதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது, அது விபூதி பூசிக்கொண்டு என் பக்கத்தில் நின்றது.

காக்கிச் சட்டைக்காரர் டிரைவரைக் கன்னத்தில் அறைந்தார். அப்படி ஒரு சத்தத்தை நான் வயதுவந்த ஒரு மனிதரின் முகத்தில் அதற்கு முன் கேட்டதில்லை.

"என்னுது இல்ல சார்!"

"பின்ன, மானு கொண்டாந்து வெச்சுதா? வண்டி இனிமே ஸ்டேஷன்லதான் நிக்கும்."

"அய்யோ, அவரைக் கேளுங்க சார்." டிரைவர் என்னைக் காட்டினார். "நேத்து சாயங்காலம் இந்த சார்தான் பொட்டிய தொறந்து பாத்தாரு. வெறும் சாக்குதான் இருந்துச்சு. சொல்லுங்க சார்."

காக்கிச் சட்டைக்காரர் என் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா?"

பெரியவரின் கை மகனின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. இறுகப் பிடித்திருந்தார், விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. வைகாசி என்று அவர் சொல்லி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இருபத்தெட்டு வயது, தட்டிப்போன இரண்டு வரன், நான்கு தடவை வாசித்த கடிதம். இவ்வளவும் ஒரே சமயத்தில் வந்தன. ஒரு குரல் கேட்டது.

"இருட்டிடுச்சுங்க. உள்ள என்ன இருந்துச்சுன்னு சரியாத் தெரியலை."

பேசியது நான்தான் என்று தெரிய எனக்குச் சற்று நேரம் ஆனது. அதற்குள் இரண்டாவது அடி விழுந்துவிட்டது. டிரைவர் அடித்தவரைப் பார்க்கவில்லை. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"அவரை அடிக்காதீங்க" என்று பையன் முன்னால் வந்தார். அப்பாவின் கையை எப்படி உதறினார் என்று கவனிக்கவில்லை. "அது எங்களுது. காலையில லாட்ஜு வாசல்ல நான்தான் வெச்சேன். அவருக்குத் தெரியாது."

"டேய்!" என்றார் பெரியவர்.

"நீங்க சும்மா இருங்கப்பா."

கொட்டகைக்குள் பையனை மட்டும் அழைத்துப் போனார்கள். கல்லூரியில் வேலை பார்ப்பவர், வேலை போய்விடும் என்று நினைத்தேன். அரை மணி கழித்து வந்தார். பாட்டில்கள் வரவில்லை, காகிதம் எதுவும் எழுதப்படவும் இல்லை. கட்டை மேலே போயிற்று.

நாகப்பட்டினம் பஸ் நிலையத்தில் ஜீப் நின்றது. பெரியவர் இறங்கி, என் தோளுக்கு அப்பால் பார்த்து, "லெட்டர் போடுறோம்" என்றார். பையன் டிரைவரிடம் போய்க் கையைப் பிடித்தார்.

"மன்னிச்சுக்குங்கண்ணே. மொதல்லயே சொல்லியிருக்கணும்."

"விடுங்க தம்பி. நீங்க சொன்னீங்கள்ல."

'நீங்க' என்பதை அவர் அழுத்தவில்லை. இருந்தாலும் எனக்கு உறைத்தது. காரைக்கால் வரை அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தேன். வீட்டு வாசலில், "எறங்குங்க" என்றார். அவ்வளவுதான்.

அம்மாவிடமும் தங்கையிடமும் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன், எனக்குப் பழக்கமான விதத்தில், நேரம் உட்பட. மான்களின் எண்ணிக்கையைக்கூடச் சொன்னேன். என் ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லவில்லை. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். தங்கை டீச்சர் அல்லவா, விட்ட இடத்தைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"டிரைவர் ஒன்னைக் கேக்கச் சொன்னாருல்ல. கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

சொன்னேன். அவள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஒனக்காகத்தானேடி சொன்னான்" என்றாள் அம்மா.

"எனக்காக ஒருத்தரை அடி வாங்க வெச்சியா அண்ணே?"

அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். ஆச்சரியத்தோடு கேட்டாள், என்னை முதல்தடவை பார்ப்பதுபோல. மாப்பிள்ளையை எடைபோடத்தான் அன்று காலை நான் கிளம்பியிருந்தேன்.

பிறகு, "அவங்க லெட்டருக்குக் காத்திருக்க வேணாம். எனக்குச் சம்மதம்னு நீ எழுது. அவங்கப்பாவுக்கு இல்லை, அவருக்கு" என்றாள். நான் எழுதினேன். படித்துப் பார்த்துவிட்டு உறையை ஒட்டாமலே என்னிடம் நீட்டினாள்.

"நாளைக்குக் காலையில கோட்டுச்சேரிக்குப் போ. அவருகிட்ட சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டு இதைத் தபால்ல போடு. சொல்லலைன்னா கிழிச்சுப் போட்டுடு."

விடிந்ததும் சைக்கிளில் போனேன். அவர் வாசலில் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். இடது கன்னம் வீங்கிக் கண்ணை நெருக்கியிருந்தது. நான் இரவெல்லாம் கோர்த்து வைத்திருந்த வார்த்தைகள் வரவில்லை. "நான் பாத்தேங்க. வெறும் சாக்குதான் இருந்துச்சு. தெரிஞ்சேதான் பொய் சொன்னேன்" என்றேன்.

அவர் வாளியைக் கீழே வைத்தார்.

"இதை எங்கிட்ட சொல்லி என்ன சார் ஆவப்போவுது? எனக்குத் தெரியாதா? எம்பொண்டாட்டி நான் குடிச்சுட்டு எவங்கிட்டயோ அடி வாங்கிட்டு வந்தேன்னு ராத்திரிலேருந்து சோறு போடலை. புள்ளைங்களும் நம்பிடுச்சுங்க. உள்ள வாங்க. அவங்ககிட்ட சொல்லுங்க."

கதவுக்கு அந்தப்பக்கம் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. கடிதம் சட்டைப் பையில் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.