ஈட்டி மரக் கம்மல்

என் தங்கை திரைப்படங்களை ஒலியை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பாள். வசனம் கேட்டால் கண் முகத்துக்குப் போய்விடும் என்பாள். அவளுக்கு வேண்டியவை காதும் கழுத்தும். பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைக் கைபேசியில் ஓடவிட்டு, கதாநாயகி பக்கவாட்டில் திரும்பும் நொடியில் நிறுத்தி, கம்மலையோ பதக்கத்தையோ பென்சிலால் வரைந்துகொள்வாள். ஜோகுபாளையத்தில் எங்கள் அடுத்த தெருவில் ஒரு தச்சுப்பட்டறை உண்டு. அங்கே கழித்துப் போட்ட மரத்துண்டுகளைப் பொறுக்கி வந்து, அறுத்து, உப்புத்தாளால் தேய்த்து, கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். உறுத்தாமல் இருந்தால்தான் அவளுக்கு அது நகை.

ஒக்கலிபுரத்திலிருந்து ஒரு வரன் கூடிவந்தது. "கல்யாணத்துக்கு அப்புறமும் உங்க வேலைய நீங்க தாராளமா செய்யலாம்" என்று அந்தப் பையன் தொலைபேசியில் சொல்லியிருந்தார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவள் சம்மதித்தாள்.

நிச்சயத்துக்கு நாள் குறிக்க, மாதா கோவிலில் ஞாயிறு பூசை முடிந்து அவரும் அவருடைய அம்மாவும் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அந்த அம்மாளுக்குப் பழைய படங்கள் என்றால் உயிர் என்று கேள்விப்பட்டு, தங்கை ஒரு பரிசு செய்து வைத்திருந்தாள்: ஒரு பழைய படத்தில் பார்த்து வரைந்த, ஈட்டி மரத்தில் மெல்லிய குச்சி போன்ற ஒரு ஜோடிக் கம்மல். அவள் செய்தவற்றுள் எளிமையானதும் அவளுக்கு மிகப் பிடித்ததும் அதுதான்.

அந்த அம்மாள் பெட்டியைத் திறந்து நெடுநேரம் பார்த்தார்.

"எந்தப் படம்னு தெரியுது. நல்லா கவனிச்சிருக்க, கண்ணு. அவ ஏன் குச்சி போட்டிருக்கான்னு மட்டும் கவனிக்கலையோ?"

தங்கை விழித்தாள். நானும் அம்மாவும் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை.

"கம்மல அடகு வச்சிட்டு, காது ஓட்ட தூந்துடக் கூடாதுன்னு வெளக்கமாத்துக் குச்சிய ஒடிச்சு செருகியிருப்பா. தியேட்டரே அழுதுச்சு. அத எனக்கு கிஃப்டா குடுக்குற. நீ வந்தப்புறம் எங்களுக்கும் அந்த கதிதான்னு சொல்ல வர்றியா?"

மகன் சிரித்தார்.

"எனக்கு எதுக்கு? நீயே போட்டுக் காட்டு. உனக்குத்தான் பொருந்தும்" என்றார் அந்த அம்மாள்.

தங்கை, அம்மா அன்றைக்கென்று போட்டுவிட்டிருந்த தங்கத் தோட்டைக் கழற்றி, மரக் கம்மலை மாட்டிக்கொண்டாள். அந்த அம்மாள் படமெடுத்துச் சந்தாபுராவிலிருக்கும் தம் தங்கைக்கு அனுப்பினார். உடனே வந்த பதிலை உரக்கப் படித்தார்: "'பாவம், சீக்கிரம் மீட்டுக் குடுங்கப்பா'ன்னு போட்டிருக்கா."

"தெரியாம செஞ்சதுங்க, விட்டுடுங்க" என்றேன்.

"நீதானே மூத்தவ, டீச்சர்? உனக்கே இன்னும் கல்யாணம் ஆகலைல்ல. அதான் இந்த வீட்ல எடுத்துச் சொல்ல ஆளில்ல."

நான் பதில் சொல்வதற்குள் எங்கள் அம்மா முந்திக்கொண்டார். "இனிமே இதெல்லாம் தொட மாட்டா, சம்பந்தி."

தங்கை அம்மாவைப் பார்க்கவில்லை. அந்தப் பையனைப் பார்த்தாள். "நீங்க போன்ல சொன்னீங்களே."

"சொன்னேன். அம்மா சொல்றதும் கரெக்ட்தானே? வேணும்னா வீட்டுக்குள்ள டைம்பாஸுக்குப் பண்ணிக்கோ. வெளியில போட்டுட்டு வராத."

"அப்ப வேணாங்க."

"எது, கம்மலா?"

"கல்யாணம்" என்றாள், குரல் உயராமல்.

அவர்கள் போன பிறகு அம்மா அவளைத் திட்டவில்லை. அதைவிடக் கடுமையான ஒன்றைச் செய்தார். அடுத்த ஞாயிறு கோவில் வாசலில், கேட்டவர்களிடமெல்லாம், "பையன் வீட்ல வேணாம்னுட்டாங்க" என்றார். வேண்டாமென்று சொல்லப்பட்ட பெண்ணுக்கு இரக்கமாவது கிடைக்கும். வேண்டாமென்று சொன்ன பெண்ணுக்கு இன்னொரு வரன் வராது. அம்மாவின் கணக்கு அது. அதில் அன்பும் இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை.

பாடற்குழுவில் பாடும் ஓர் அக்கா தங்கையின் மோவாயைத் தொட்டு, "விடு, அவங்களுக்குக் குடுத்து வைக்கல" என்றார்.

"இல்லக்கா, நான்தான் வேணாம்னு சொன்னேன்."

அந்த அக்கா அவள் தலைக்கு மேலாக அம்மாவைப் பார்த்தார். அம்மா கண்களைத் தாழ்த்திக்கொண்டார். பிறகு அந்த அக்கா தங்கையின் கையைத் தட்டிக்கொடுத்து, மிகுந்த கனிவோடு சொன்னார்:

"அப்படித்தான் சொல்லணும், செல்லம். யார் கேட்டாலும் அப்படியே சொல்லு."

அதன் பிறகு அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை.