லீவு நாள் தும்மல்

முதல் தும்மல் காலையில் பல் தேய்க்கும்போது வந்தது. நான் அதை மதிக்கவே இல்லை. ஒரு வாரத்தில் மூக்கு, கண், மேல்வாய் எல்லாம் அரித்தது. மேல்வாயை எப்படிச் சொறிவது என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். நாக்கால் முயன்று தோற்றவள் நான்.

எனக்கு ஒரகடத்தில் வேலை. கார் தொழிற்சாலையின் பெயிண்ட் ஷாப்பில் (காருக்கு வண்ணம் அடிக்கும் பிரிவு) பயிற்சிப் பொறியாளர். அங்கே தும்மல் நோய் இல்லை, குற்றம். பெயிண்ட் காயாத பானெட் (காரின் முன்மூடி) மேல் ஒரு துளி தெறித்தாலும் மொத்தத்தையும் தேய்த்து மறுபடி அடிக்க வேண்டும்.

தை முடிவதற்குள் தும்மல் இளைப்பாக மாறியது. மூச்சை வெளியே விட்டால் நெஞ்சுக்குள் விசில். சூப்பர்வைசர் நல்ல மனிதர்தான், ஆனால் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால் டாக்டர் சீட்டு வேண்டும். பெயிண்ட் ஒத்துக்கொள்ளவில்லை என்று அதில் இருந்தால் இந்த ஷாப் உனக்கு இல்லை.

ஷாப்பை விட்டால் எனக்கு வேலையே இல்லை என்று அர்த்தம். அம்மா அதற்காகத்தான் காத்திருந்தாள்.

"பெயிண்ட்ட மோந்துக்கினே இருந்தா நெஞ்சு இன்னாத்துக்கு ஆவும்? ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு வூட்ல குந்து."

தீர்ப்போடு சிகிச்சையும் தொடங்கியது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு முசுக்கொட்டை மரம் நிற்கிறது (பட்டுப்புழு தின்பது இதன் இலையைத்தான், மல்பெரி என்றால் சட்டென்று புரியும்). அம்மா அதை ஆடுகளுக்காக வளர்த்தாள். மரக்காற்று பட்டால் உடம்பில் ஏறின பெயிண்ட் இறங்கிவிடும் என்பது அவள் கணக்கு. லீவு நாளில் என் கட்டில் மரத்தடிக்குப் போனது. தலையணை, போர்வை, சுடிதார் எல்லாம் மரத்தின் கீழேயே காய்ந்தன. லீவு முடிவதற்குள் நான் சுருண்டுவிடுவேன். வாரம் முழுக்க ஏறின விஷம் வெளியே வருகிறது, நல்லதுதான் என்பாள்.

நுரையீரல் டாக்டர் ஒரு குழாய்க்குள் ஊதச் சொன்னார் (நுரையீரல் எவ்வளவு காற்றை, எவ்வளவு வேகமாக வெளியே தள்ளுகிறது என்று பார்க்கும் பரிசோதனை). பிறகு கேட்டார்.

"லீவு நாள்ல எப்படி இருக்கும்மா?"

"அன்னிக்குத்தான் டாக்டர் ரொம்ப மோசம்."

"ஷாப்புக்குள்ள?"

ஒரு நாளை முதலிலிருந்து எண்ணிப் பார்த்தேன். காலையில் தும்மிக்கொண்டேதான் போவேன். உள்ளே நுழையும் முன் உடையில் ஒட்டிய தூசியை ஊதித் தள்ளும் சின்ன அறை ஒன்று உண்டு. அதைத் தாண்டினால் வடிகட்டிய காற்று, தலை முதல் கால் வரை வெள்ளை உடை, முகமூடி. மதியத்துக்குள் மூக்கு அடங்கிவிடும். வீடு வந்தால் மறுபடி கச்சேரி. பெயிண்டில் ஒரு புள்ளி விழுந்தால் காரணத்தைத் தோண்டி எடுக்கிறவள் நான். என் மூக்கைத் தோண்ட மறந்திருக்கிறேன்.

பெயிண்டால் ஆஸ்துமா வருகிறவர்களும் உண்டு, ஆனால் அவர்களுக்குப் பெரும்பாலும் லீவில் தணியும், உனக்குத் தலைகீழாக இருக்கிறது என்றார் டாக்டர். ஊகத்தோடு விடவும் இல்லை. முன்கையில் வரிசையாகச் சொட்டு வைத்து லேசாகக் குத்தினார்கள் (ஒவ்வாமைப் பரிசோதனை, உடம்பு எதை எதிரியாக நினைக்கிறதோ அந்த இடம் தடிக்கும்). ஒரே ஒரு சொட்டு மினி இட்லி மாதிரி உப்பியது. முசுக்கொட்டை மகரந்தம் (ஆண் பூவிலிருந்து காற்றில் பறக்கும் தூள்).

கூட வந்திருந்த அம்மாவுக்கு டாக்டர் மேல் கோபம் வந்துவிட்டது.

"எங்க ஆடுங்க தெனம் அதத்தான் துன்னுது. ஒண்ணு கூட தும்மலயே டாக்டரம்மா."

"கூட்டிட்டு வாங்க, ஊதச் சொல்லிப் பாப்போம்."

அம்மாவே சிரித்துவிட்டாள். வெளியே வந்த பிறகு பஸ் ஏறும்வரை என் முன்கையைப் பிடித்துக்கொண்டு அந்தத் தடிப்பைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

மூக்குக்கு ஸ்ப்ரே, நெஞ்சுக்கு இன்ஹேலர் (மூச்சுக்குழாய் வீக்கத்தை வற்றவைக்கும் மருந்து) கொடுத்தார்கள். இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்று தெருவே சொல்லும். தெருவுக்கு இளைக்கவில்லை, நீங்கள் டாக்டரைக் கேளுங்கள். துணியை வீட்டுக்குள் காயப்போடுங்கள். பூக்கும் காலத்தில் வெளியே போய் வந்தால் முகம், தலை கழுவுங்கள். முசுக்கொட்டைப் பழம் தின்று வாய் அரித்தாலும், இலையை ஒடித்த கை தடித்தாலும் சும்மா விடாதீர்கள். எங்களை மாதிரி நீங்களே காரணத்தை முடிவுசெய்யாதீர்கள், அவசரப்பட்டு வேலையை எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

பெயிண்ட் காரணமில்லை என்ற சீட்டு சூப்பர்வைசர் கைக்குப் போனது. ஷாப் எனக்கே. விசில் மெல்ல அடங்கியது.

மரத்தை வெட்டத் தேவையில்லை, பூ வருவதற்கு முன் கிளையைக் கழித்தால் போதும், அப்போது இவள் பக்கத்தில் இருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அடுத்த முறை மொட்டு தெரிந்ததும் அம்மா அரிவாளோடு வந்து என் முன்னால் நின்றாள். அன்று எனக்கு வார லீவு.

"இன்னாடி இன்னும் நின்னுக்கினு கீற? ஓவர்டைம் கீதான்னு கேளு. கம்பெனிக்குப் போ. அங்கதான் காத்து நல்லா கீது."

ஓடிப்போய் கம்பெனி பஸ்ஸைப் பிடித்தேன். ஓடியும் இளைக்கவில்லை என்பதே உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. அப்போது ஒரு கொட்டாவி வந்தது. இளைப்பு இருந்தபோது கொட்டாவி பாதியிலேயே நின்றுவிடும். அதற்கு மேல் நெஞ்சு திறக்காது. இது நிற்கவில்லை. காது அடைத்து, கண்ணில் நீர் வந்து, அடிவயிறு வரை போய், அவசரமே இல்லாமல் திரும்பி வந்தது. பக்கத்து சீட்டுக்காரிக்குத் தொற்றியது. அவளிடமிருந்து முன்சீட்டுக்கு. டிரைவர் கண்ணாடியில் எங்களை முறைத்துவிட்டு, அவரும் ஒன்று விட்டார்.