நூலுக்கு நின்ற தறி

குமாரபாளையத்தில் எங்கள் வீட்டுக்குப் புதுவகை விசைத்தறி வந்த சமயம். நீளவாக்கில் ஓடும் பாவில் ஒரு நூல் அறுந்தாலும் அது தானாகவே நின்றுவிடும். "இதுக்கு மூளை இருக்குதுங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வேன்.

ஒருநாள் என் சட்டைக்கை பல்சக்கரத்தில் சிக்கி, விரல்களையும் உள்ளே இழுத்தது. நிறுத்தும் பிடி எட்டவில்லை. அலறினேன். தறி தன் பாட்டுக்கு ஓடியது. எந்தப் பிடியை இழுப்பதென்று தெரியாத என் மனைவி, ஓடிவந்து பாவு நூலைக் கொத்தாகப் பிடித்து அறுத்தாள். தறி நின்றது.

"நீங்க கத்துனா அதுக்குக் கேக்குங்களா? நூல் அறுந்தாத்தான் நிக்கும்னு நீங்கதானுங்க சொன்னீங்க" என்றாள்.

இயந்திரங்கள் யோசிக்கப்போகின்றன என்று பத்திரிகையில் வந்தால், இப்போதெல்லாம் அந்தக் கையில் மிச்சமிருக்கும் மூன்று விரல்களைப் பார்த்துக்கொள்கிறேன். எதற்காக நிற்க வேண்டும் என்று அந்த இயந்திரங்களுக்கு யார் சொல்லிவைப்பார்கள்?